வளிம லேசர் வடிவமைப்பில் அதிர்வெண் நிலைப்பு: மூன்று கருத்துகளும் அவற்றுக்கான தமிழ்ச் சொல்லாட்சியும்

ஆய்வுச் சுருக்கம்

வளிம லேசர் ஒன்றின் அதிர்வெண்ணை மாறாமல் வைத்திருப்பது, அளவையியலின் அடிப்படைச் சிக்கல்களுள் ஒன்றாகும். ஹீலியம்–நியான் லேசரை எடுத்துக்காட்டாகக் கொண்டு, அச்சிக்கல் எவ்வாறு படிப்படியாகத் தீர்க்கப்பட்டது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. ஒத்ததிர்வியின் நீளத்தைக் காத்தல், நியான் அணுவின் நிறமாலை வரியோடு பிணைத்தல், அயோடின் மூலக்கூறின் வரியோடு பிணைத்தல் ஆகிய மூன்று படிநிலைகளும் மூன்று வேறு பண்புகளை வேண்டி நிற்கின்றன. தமிழ் அறிவியல் எழுத்தில் இம்மூன்றையும் ‘துல்லியம்’ என்னும் ஒரே சொல்லால் குறித்துவிடும் போக்குக் காணப்படுகிறது. அவற்றை நிலைப்பு, மீள்பெறுமை, துல்லியம் எனப் பிரித்து வழங்கினாலன்றி இவ்வடிவமைப்பின் தருக்கத்தைத் தமிழில் எடுத்துரைக்க இயலாது என்பதே இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: வளிம லேசர், ஒத்ததிர்வி, அதிர்வெண், நிலைப்பு, மீள்பெறுமை, துல்லியம், அறிவியல் தமிழ்.

1. முன்னுரை

கலைச்சொல்லாக்கம் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் சொல்லுக்குச் சொல் நிகரன் காணும் முயற்சியாகவே அமைகின்றன. பட்டியலில் ஒரு சொல்லுக்கு நேரே மற்றொன்று இடம்பெற்றுவிட்டால் பணி முடிந்ததாகக் கருதப்படுகிறது. ஆனால், ஒரு துறையின் சொற்கள் தனித்தனியே நிற்பவை அல்ல. ஒன்றன் எல்லை முடியும் இடத்தில் மற்றொன்றன் எல்லை தொடங்குகிறது. அவ்வெல்லைகள் எங்கே அமைகின்றன என்பதை அத்துறையின் செய்முறையே முடிவு செய்கிறது. எனவே சொல்லை ஆராயப் புகுவோர் முதலில் பொருளை ஆராய வேண்டியவராகின்றனர்.

இந்நோக்கில் வளிம லேசரின் அதிர்வெண் நிலைப்பு என்னும் பொருள் இங்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது. இதற்குக் காரணங்கள் இரண்டு. முதலாவது, மீட்டர் என்னும் நீள அலகை ஆய்வகங்களில் நடைமுறைப்படுத்த இன்றும் பயன்படுவது இத்தகைய லேசரேயாகும். புதுதில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகமும் அயோடினால் நிலைப்படுத்தப்பட்ட ஹீலியம்–நியான் லேசரைக் கொண்டே மீட்டரைப் பேணி வருகிறது. இரண்டாவது, நெருங்கிய பொருளுடைய மூன்று கருத்துகள் இப்பொருளில் வேறுபட்டு நிற்பதுபோல் பிற துறைகளில் அவ்வளவு தெளிவாக வேறுபட்டு நிற்பதில்லை.

2. சொல்லாட்சி பற்றிய முற்குறிப்பு

லேசரைக் குறிக்கச் ‘சீரொளி’ என்னும் சொல் அறிவியல் தமிழில் வழங்குகிறது. அழகிய ஆக்கமாயினும், இக்கட்டுரையின் பொருளுக்கு அது இடர்ப்பாடு விளைவிக்கிறது. சீர் என்பது ஒழுங்கையும் குறிக்கும்; மாறாத தன்மையையும் உணர்த்தும். லேசர் ஒளியின் அலைகள் ஒத்த கட்டத்தில் இயங்குவதாகிய ஓரியல் தன்மையே சீரொளி என்னும் பெயருக்கு அடிப்படை. ஓரியல் தன்மை உடைய ஒளியின் அதிர்வெண் காலப்போக்கில் மாறிக்கொண்டே இருக்கவும் கூடும். ‘நிலைப்பற்ற சீரொளி’ என எழுத நேர்ந்தால் அது முரண்தொடராகத் தோன்றும். எனவே பாடநூல் வழக்கைப் பின்பற்றி ‘லேசர்’ என்றே இங்கு ஆளப்படுகிறது. தமிழ்நாட்டில் ‘அதிர்வெண்’ என்பதை இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் ‘மீடிறன்’ என்றும், ‘ஒத்ததிர்வு’ என்பதைப் ‘பரிவு’ என்றும் வழங்கும். இவ்விரு வழக்குகளுள் எதைக் கொண்டாலும் கட்டுரையின் வாதம் மாறுவதில்லை.

3. அதிர்வெண்ணைத் தீர்மானிப்பன இரண்டு

முதல் வளிம லேசரை 1960 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் அலி ஜாவான், வில்லியம் பென்னெட், டொனால்ட் ஹெரியட் ஆகியோர் இயக்கினர். அது 1.15 மைக்ரோமீட்டர் அலைநீளமுடைய அகச்சிவப்பு ஒளியை உமிழ்ந்தது. இன்று பரவலாக அறியப்படும் செந்நிற ஒளி 1962இல் பெறப்பட்டது. அதன் அலைநீளம் காற்றில் 632.8 நானோமீட்டர், வெற்றிடத்தில் 632.99 நானோமீட்டர். இவ்விரு எண்களையும் நூல்கள் வேறுபாடின்றி ஆள்வதுண்டு. நிலைப்புப் பற்றிப் பேசுமிடத்து வெற்றிட மதிப்பையே கொள்ளல் வேண்டும்.

கருவியின் இயக்கம் எளியது. மெல்லிய கண்ணாடிக் குழாயினுள் ஹீலியமும் அதனினும் குறைந்த பங்கு நியானும் தாழ்ந்த அழுத்தத்தில் அடைக்கப்படுகின்றன. மின்னிறக்கத்தால் கிளர்வுற்ற ஹீலியம் அணு, ஏறத்தாழ 20.6 எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலை மோதலின்வழி நியானுக்கு அளிக்கிறது. அவ்வாறு மேல்நிலைக்கு ஏறிய நியான் அணுக்கள் தூண்டு உமிழ்வினால் ஒளியைப் பெருக்குகின்றன. குழாயின் இரு முனைகளிலும் அமைந்த ஆடிகள் ஒளியை மீண்டும் மீண்டும் வளிமத்தினூடே செலுத்துகின்றன. எதிரெதிர் நிற்கும் இவ்விரு ஆடிகளும் சேர்ந்த அமைப்பே ஒத்ததிர்வி எனப்படும்.

உமிழப்படும் ஒளியின் அதிர்வெண்ணை அணுவும் ஒத்ததிர்வியும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. எப்பரப்பினுள் ஒளி பெருகலாம் என்பதை அணு வரையறுக்கிறது. அப்பரப்பினுள் எந்தப் புள்ளியில் ஒளி எழும் என்பதை ஒத்ததிர்வி வரையறுக்கிறது. நியான் அணுக்கள் குழாயினுள் எல்லாத் திசைகளிலும் விரைவதால், டாப்ளர் விளைவின் காரணமாக அவற்றின் பெருக்கப் பரப்பு ஏறத்தாழ 1500 மெகாஹெர்ட்ஸ் அகலம் பெறுகிறது. ஒளியின் அதிர்வெண்ணோ ஏறத்தாழ 474 டெராஹெர்ட்ஸ், அதாவது 47 கோடியே 40 இலட்சம் மெகாஹெர்ட்ஸ். ஆகவே பெருக்கப் பரப்பின் அகலம் மொத்த அதிர்வெண்ணில் பத்து இலட்சத்தில் மூன்று பங்கு மட்டுமே. எவ்வகை நிலைப்படுத்தலும் இல்லாத செந்நிற ஹீலியம்–நியான் லேசருக்குங்கூட 632.9908 நானோமீட்டர் என்னும் வெற்றிட அலைநீளத்தைப் பத்து இலட்சத்தில் 1.5 பங்கு உறுதியின்மையோடு பன்னாட்டு அளவைக் குழு ஏற்றிருப்பதன் காரணம் இதுவே. அணு தானாகவே அவ்வளவு எல்லையைக் கட்டிக்கொடுக்கிறது.

ஒத்ததிர்வியின் பங்கை நாகசுரத்தைக் கொண்டு உணரலாம். நீளம் குறைந்த திமிரியின் சுருதி உயர்ந்தும், நீளம் மிகுந்த பாரியின் சுருதி தாழ்ந்தும் அமைகின்றன. குழலின் நீளமே சுருதியை ஆள்கிறது. அதுபோன்றே ஆடிகளின் இடைத்தொலைவில் அரை அலைநீளங்கள் முழு எண்ணிக்கையில் அடங்கும் அதிர்வெண்களில் மட்டும் ஒளி நிலைகொள்ளும். அவ்வாறு நிலைகொள்ளும் ஒவ்வோர் அதிர்வெண்ணும் ஒரு பாங்கு எனப்படும். ஆடிகளின் இடைத்தொலைவு 30 சென்டிமீட்டராயின் ஏறத்தாழ ஒன்பதரை இலட்சம் அரை அலைநீளங்கள் அதனுள் அடங்கும். அடுத்தடுத்த பாங்குகள் 500 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் அமையும். எனவே 1500 மெகாஹெர்ட்ஸ் பரப்பினுள் மூன்று பாங்குகள் ஒருங்கே எழலாம். இடைத்தொலைவை 15 சென்டிமீட்டராகக் குறைத்தால் இடைவெளி 1000 மெகாஹெர்ட்ஸ் ஆகி, ஒன்று அல்லது இரண்டு பாங்குகளே எஞ்சும். ஒற்றை அதிர்வெண்ணை நாடும் வடிவமைப்பாளர் குறுகிய குழாயைத் தேர்ந்து, அதனால் ஒளித்திறன் குறைவதை ஏற்றுக்கொள்கிறார். வடிவமைப்பின் முதல் விட்டுக்கொடுப்பு இது.

4. முதற்படி: நீளத்தைக் காத்தல்

அதிர்வெண்ணில் நேரும் பின்ன மாற்றம், நீளத்தில் நேரும் பின்ன மாற்றத்துக்கு அளவில் சமமாகவும் திசையில் எதிராகவும் அமையும். வடிவமைப்பு முழுவதும் இந்த ஒரு தொடர்பிலிருந்தே விரிகிறது. 30 சென்டிமீட்டர் ஒத்ததிர்வியில் அதிர்வெண் ஒரு மெகாஹெர்ட்ஸ் மாற, ஆடி 0.63 நானோமீட்டர் நகர்ந்தாலே போதும். அது ஒருசில அணுக்களின் அகலமே. ஆடிகளைத் தாங்கும் கட்டுமானம் அணுவளவில் அசையாதிருக்க வேண்டும் என்பதே இதன் பொருள்.

நீளத்தை மாற்றும் காரணிகளுள் வெப்பமே தலையாயது. தாங்கு தண்டின் பொருளுக்கேற்ப ஒரு டிகிரி செல்சியஸ் வெப்ப மாற்றம் விளைவிக்கும் அதிர்வெண் பெயர்ச்சியைக் கணக்கிட்டால் பின்வரும் ஒப்பீடு கிடைக்கிறது:

அலுமினியம் – ஏறத்தாழ 11,000 மெகாஹெர்ட்ஸ்
போரோசிலிகேட் கண்ணாடி – ஏறத்தாழ 1,550 மெகாஹெர்ட்ஸ்
இன்வார் உலோகக் கலவை – ஏறத்தாழ 500 மெகாஹெர்ட்ஸ்
உருகிய சிலிக்கா – ஏறத்தாழ 260 மெகாஹெர்ட்ஸ்
செரோடூர் கண்ணாடிப் பீங்கான் – ஏறத்தாழ 25 மெகாஹெர்ட்ஸ் அல்லது அதனினும் குறைவு

இவ்வெண்கள் தண்டின் பெயர்ச்சியை மட்டும் காட்டுகின்றன. உண்மையில் ஒரு பாங்கு பெருக்கப் பரப்பின் எல்லையைத் தாண்டியதும் அணைந்துபோக, மறு எல்லையில் புதிய பாங்கு தோன்றும். ஆகவே போரோசிலிகேட் குழாயில் ஒரு டிகிரி வெப்ப ஏற்றத்தின்போது ஏறத்தாழ மூன்று பாங்குகள் அடுத்தடுத்துக் கடந்து செல்லும். கருவியை இயக்கிய முதற்சில நிமிடங்களில் ஒளித்திறன் ஏறி இறங்குவதற்கு இதுவே காரணம். மின்னிறக்கமே குழாயைச் சூடாக்குவதால், வெப்பத்தின் ஊற்று கருவிக்குள்ளேயே இருக்கிறது என்பதையும் கருத வேண்டும்.

அடுத்த காரணி காற்று. ஆடிகள் குழாய்க்குப் புறத்தே அமைந்தால், குழாய்க்கும் ஆடிக்கும் இடைப்பட்ட காற்றும் ஒத்ததிர்வியின் பகுதியாகிவிடும். ஒத்ததிர்வியின் பத்தில் ஒரு பங்கு காற்றாயின், வளிமண்டல அழுத்தம் ஒரு மில்லிபார் மாறும்போது அதிர்வெண் ஏறத்தாழ 13 மெகாஹெர்ட்ஸ் பெயரும். ஆடிகளைக் குழாயின் முனைகளிலேயே பற்றவைத்து மூடுவதால் இக்காரணி நீங்குகிறது. ஆயின் ஆடியை மாற்றவோ, ஒத்ததிர்வியினுள் வேறு பொருளைச் செருகவோ பின்னர் இயலாது. இதன் பின்விளைவு ஆறாம் பகுதியில் புலப்படும்.

அதிர்வும் ஒலியும் மூன்றாவது காரணி. 1963இல் ஜசேஜா, ஜாவான், டௌன்ஸ் ஆகியோர் இரு லேசர்களின் அதிர்வெண்களை ஒப்பிட முற்பட்டபோது, மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் ரவுண்ட் ஹில் என்னுமிடத்திலிருந்த மது நிலவறை ஒன்றைத் தம் ஆய்வுக்களமாகத் தேர்ந்தனர். நிலத்தின் அதிர்வும் ஆளரவமும் அங்குக் குறைவு என்பதே காரணம். இரு லேசர்களின் ஒளியை ஒன்றுசேர்த்து, அவற்றின் அதிர்வெண் வேறுபாட்டை விம்மல்களாகக் கேட்கும் முறை அன்றுமுதல் இத்துறையின் அடிப்படைச் சோதனையாயிற்று.

இத்துணைக் காப்புகளும் சேர்ந்து தருவது என்ன? இன்று காலை கருவி கொண்டிருந்த அதிர்வெண்ணை இன்று மாலையும் பெரும்பாலும் கொண்டிருக்கும். ஆனால் அந்த அதிர்வெண் எது என்பது தற்செயலாய் அமைந்த ஆடித் தொலைவைப் பொறுத்தது. அதே வரைபடத்தைக் கொண்டு செய்த மற்றொரு கருவி வேறோர் அதிர்வெண்ணில் அதே உறுதியோடு நிற்கும். இப்படிநிலை தருவது நிலைப்பு மட்டுமே.

5. இரண்டாம் படி: அணுவோடு பிணைத்தல்

ஆடித் தொலைவைத் தற்செயலுக்கு விடாமல், ஏதேனும் ஒரு குறியோடு ஒப்பிட்டு இடைவிடாது திருத்துவதே இரண்டாம் படி. ஓர் ஆடியை அழுத்தமின் படிகத்தின்மீது பொருத்தினால், மின்னழுத்தத்தால் அதை நானோமீட்டர் அளவில் நகர்த்தலாம். குறியிலிருந்து அதிர்வெண் விலகும் அளவைக் கண்டறிந்து, அதற்கேற்ற மின்னழுத்தத்தைப் பின்னூட்டச் சுற்று படிகத்துக்கு அளிக்கும். குறியை எங்கிருந்து பெறுவது என்பதே எஞ்சும் வினா.

பெருக்கப் பரப்பின் உச்சியைக் குறியாகக் கொள்ளலாம் எனத் தோன்றும். ஆனால் 1500 மெகாஹெர்ட்ஸ் அகன்ற மேட்டின் உச்சி தட்டையானது. அதன் நடுப்புள்ளியைக் கூர்மையாகக் காண இயலாது. வில்லிஸ் லாம் முன்னுரைத்து 1963இல் சோதனைவழிக் காணப்பெற்ற ஒரு விளைவு இதற்கு வழி திறந்தது. ஒத்ததிர்வியினுள் ஒளி இரு திசைகளிலும் செல்கிறது. அதிர்வெண் நடுப்புள்ளியிலிருந்து விலகியிருக்கும்போது, முன்செல்லும் அலை ஒரு தொகுதி அணுக்களையும், பின்செல்லும் அலை எதிர்த்திசையில் விரையும் வேறொரு தொகுதியையும் பயன்படுத்துகின்றன. நடுப்புள்ளியிலோ இரண்டும் அச்சுத்திசையில் விரைவற்ற ஒரே தொகுதியையே நாடுகின்றன. ஒரே ஊற்றை இருவர் பகிரும்போது இருவர்க்கும் குறைவதுபோல அங்குப் பெருக்கம் குன்றுகிறது; மேட்டின் நடுவே சிறு பள்ளம் தோன்றுகிறது. லாம் பள்ளம் எனப்படும் இது, மேட்டைவிடப் பன்மடங்கு குறுகியதாகலின் சிறந்த குறியாகிறது.

இங்கு வளிமத்தின் தேர்வே வடிவமைப்பாகிறது. இயற்கையில் கிடைக்கும் நியானில் நிறை எண் 20 உடைய ஓரிடத்தான் 90 விழுக்காட்டுக்குச் சற்று மேலும், நிறை எண் 22 உடையது ஏறத்தாழ 9 விழுக்காடும் உள்ளன. இவற்றின் வரிகள் ஏறத்தாழ 1000 மெகாஹெர்ட்ஸ் விலகி நிற்பதால் மேடு ஒருபுறம் சாய்ந்து, பள்ளமும் சமச்சீர் இழக்கும். எனவே தனித்த ஓரிடத்தானையே குழாயில் நிரப்ப வேண்டியுள்ளது.

வணிகக் கருவிகளில் பெரிதும் கையாளப்படும் மற்றொரு முறை இரு பாங்குகளின் சமன்பாடு. தளவிளைவுத் திசை தனித்து வரையறுக்கப்படாத குழாயில் அடுத்தடுத்த பாங்குகள் ஒன்றுக்கொன்று செங்குத்தான தளங்களில் அதிர்கின்றன. அவற்றைப் பிரித்து இரு ஒளியுணரிகளால் அளந்து, இரண்டின் திறனும் சமமாகுமாறு குழாயைச் சுற்றிய வெப்பக் கம்பிச்சுருளின் மின்னோட்டத்தைத் திருத்தினால், மேட்டின் இருபுறமும் சம உயரத்தில் இரு பாங்குகளும் நிற்கும். அசையும் உறுப்பு ஒன்றும் இதில் இல்லை. முதற்படியில் பகையாக நின்ற வெப்பமே இங்குக் கருவியாகிவிடுகிறது. பத்துக் கோடியில் ஒரு பங்கு என்னும் அளவில் இம்முறை நிலைப்புத் தருகிறது.

எனினும் இவ்விரு முறைகளிலும் குறியாக அமைவது லேசரை இயக்கும் அதே நியான்தான். மின்னிறக்கத்தின் நடுவே, ஹீலியத்தோடு மோதிக்கொண்டிருக்கும் அணு அது. அழுத்தம் மாறினால் அதன் வரியின் நடுப்புள்ளி பெயரும். மின்னோட்டம் மாறினாலும் பெயரும். ஹீலியமோ கண்ணாடிச் சுவரினூடே சிறிது சிறிதாகக் கசியும் இயல்புடையது. புதிய குழாயும் ஐந்தாண்டு பழகிய குழாயும் ஒரே குறியைக் காட்டா. உழைக்கும் அணுவையே அளவுகோலாகவும் கொண்டதன் குறை இது. தனித்தனியே செய்யப்பட்ட கருவிகள் ஒரே அதிர்வெண்ணை எய்துதலாகிய மீள்பெறுமை இங்கு ஓரளவே கைகூடுகிறது.

6. மூன்றாம் படி: அமைதியான மூலக்கூறோடு பிணைத்தல்

உழைப்பதையும் அளப்பதையும் வேறாக்குவதே தீர்வு. ஒத்ததிர்வியினுள் மின்னிறக்கத்துக்குப் புறத்தே ஒரு சிறு கண்ணாடிக் கலத்தை வைத்து, அதில் ஒளியை உட்கவரும் வேறொரு பொருளை மிகத் தாழ்ந்த அழுத்தத்தில் நிரப்பலாம். மீத்தேன் வளிமத்தைக் கொண்டு 3.39 மைக்ரோமீட்டர் ஒளியைப் பார்கரும் ஹாலும் 1969இல் இவ்வாறு நிலைப்படுத்தினர். அதே காலத்தில் கனடாவில் ஹேன்சும் டால்ஸ்ட்ரமும் செந்நிற ஒளிக்கு அயோடின் ஆவியைப் பயன்படுத்தினர்.

அயோடின் மூலக்கூறு கனமானது. அதனால் மெதுவாக இயங்குவது. அதன் நிறமாலையில் வரிகள் மிக நெருக்கமாக அமைந்துள்ளன. அவற்றுள் ஆர்(127) எனப்படும் வரி நியானின் பெருக்கப் பரப்பினுள் விழுகிறது. அணுக்கருத் தற்சுழற்சியின் விளைவாக அவ்வரி 21 மீநுண் கூறுகளாகப் பிரிந்துள்ளது. ஒவ்வொரு கூறின் நடுப்புள்ளியிலும் இரு திசை அலைகளும் ஒரே தொகுதி மூலக்கூறுகளைத் தெவிட்டச் செய்ய, உட்கவர்வு குறைந்து, லேசரின் திறன் சற்றே எழுகிறது. லாம் பள்ளத்தின் தலைகீழ் வடிவம் இது. இங்கு எழுவது பள்ளமன்று. சில மெகாஹெர்ட்ஸ் மட்டுமே அகன்ற முகடு.

அம்முகட்டின் உயரம் லேசரின் மொத்தத் திறனில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவினது. அதுவும் பெருக்க மேட்டின் சரிவின்மேல் அமர்ந்துள்ளது. சரிவின்மேல் அமர்ந்த சிறு முகட்டின் உச்சியைத் தேடினால், சரிவு அவ்வுச்சியைத் தன்பக்கம் இழுத்துவிடும். எனவே ஆடியை மெல்ல அலைவுறச் செய்து, திறனில் தோன்றும் மூன்றாம் சீரிசையை மட்டும் பிரித்தெடுத்துக் குறியாகக் கொள்கின்றனர். சீரான சரிவு மூன்றாம் சீரிசையில் தோற்றம் அளிப்பதில்லை. கூர்மையான முகடு அளிக்கும்.

நான்காம் பகுதியில் கண்ட விட்டுக்கொடுப்பு இங்கு எதிர்த்திசையில் நிகழ்கிறது. கலத்தைச் செருகவேண்டின் ஆடிகளைக் குழாயோடு பற்றவைக்க இயலாது; காற்று மீண்டும் ஒத்ததிர்வியினுள் இடம்பெறுகிறது; கலம் ஒளியை உட்கவர்வதால் வெளிவரும் திறனும் மிகக் குறைகிறது. ஆயினும் மூலக்கூறு இடைவிடாது திருத்துவதால் காற்றின் மெதுவான மாறுபாடு விளைவை அழிப்பதில்லை. தானாக நிலைத்து நிற்கும் திறனைச் சிறிது இழந்து, யார் செய்தாலும் ஒரே இடத்தை அடையும் திறனை வடிவமைப்பாளர் ஈட்டிக்கொள்கிறார். நிலைப்பும் மீள்பெறுமையும் வெவ்வேறு பண்புகள் என்பதற்கு இவ்விட்டுக்கொடுப்பைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

7. எண்ணுக்கு உரிமை எங்கிருந்து வருகிறது?

அயோடினோடு பிணைத்த இரு கருவிகளை ஒப்பிட்டு, விம்மல் மிகச் சிறியதாயிருப்பதைக் கண்டால் இரண்டும் ஒரே அதிர்வெண்ணில் உள்ளன என அறியலாம். ஆனால் அந்த அதிர்வெண் எத்தனை ஹெர்ட்ஸ் என்பதை அவ்விம்மல் சொல்லாது. அதை அறிய வேறொரு படித்தரத்தோடு ஒப்பிட வேண்டும்.

இவ்விடத்தில் மீட்டரின் வரலாறு குறுக்கிடுகிறது. முதல் வளிம லேசர் இயங்குவதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்னர், 1960 அக்டோபரில், கிரிப்டான்–86 அணுவின் ஒரு வரியின் 1,650,763.73 அலைநீளங்களே மீட்டர் என வரையறுக்கப்பட்டிருந்தது. 1972இல் அமெரிக்கத் தேசியப் படித்தர நிறுவனத்தின் போல்டர் ஆய்வகத்தில் எவன்சனும் அவர் குழுவினரும் மீத்தேனால் நிலைப்படுத்திய லேசரின் அதிர்வெண்ணைச் சீசியம் கடிகாரத்தோடு தொடர்புபடுத்தி அளந்தனர். அதன் அலைநீளத்தையும் கிரிப்டானோடு ஒப்பிட்டு, இரண்டையும் பெருக்கி, ஒளியின் விரைவை நொடிக்கு 299,792,456.2 மீட்டர் என்றும், உறுதியின்மை 1.1 மீட்டர் என்றும் அறிவித்தனர். அவ்வுறுதியின்மைக்கு முதன்மைக் காரணம் லேசர் அன்று. கிரிப்டான் வரியின் சமச்சீரின்மையே. அளக்கப்படும் பொருள் அளவுகோலைவிடச் செம்மையுற்றுவிட்ட நிலை அது. நிலைப்பும் மீள்பெறுமையும் மிகுந்திருந்தும், வரையறை இடந்தராமையால் துல்லியம் அதற்குமேல் உயர வழியில்லாதிருந்தது.

1983இல் 17ஆம் பன்னாட்டு அளவைப் பொதுமாநாடு ஒளியின் விரைவை நொடிக்கு 299,792,458 மீட்டர் என நிலைநிறுத்தி, அதிலிருந்து மீட்டரை வரையறுத்தது. அதன்பின் அதிர்வெண்ணை அறிந்தால் வெற்றிட அலைநீளத்தையும் அறிந்ததாகும். அயோடினின் ஏ16 என்னும் கூறுக்கு இன்று ஏற்கப்பட்டுள்ள அதிர்வெண் 473,612,353,604 கிலோஹெர்ட்ஸ். அதன் உறுதியின்மை பத்தாயிரம் கோடியில் ஏறத்தாழ இரண்டு பங்கு. ஆனால் இவ்வெண் தனித்து நிற்பதன்று. கலத்தின் சுவர் 25 டிகிரி, அதன் குளிர்முனை 15 டிகிரி செல்சியஸ், அலைவின் அகலம் 6 மெகாஹெர்ட்ஸ், ஒத்ததிர்வியினுள் ஒருதிசைத் திறன் 10 மில்லிவாட் என்னும் நிபந்தனைகளோடு சேர்ந்தே அது பொருள் பெறுகிறது. நிபந்தனைகளை நீக்கி எண்ணை மட்டும் மொழிபெயர்த்துத் தருவது பாட்டுக்குச் சுருதி சொல்லாமல் இராகப் பெயர் மட்டும் சொல்வதை ஒக்கும்.

8. மூன்று கருத்துகளும் மூன்று சொற்களும்

மேற்கண்ட படிநிலைகளிலிருந்து மூன்று கருத்துகள் தாமே பிரிந்து நிற்கின்றன.

நிலைப்பு: ஒரே கருவியின் அதிர்வெண் காலப்போக்கில் மாறாதிருத்தல். இதற்கு ‘உறுதி’ என்னும் சொல் பொருந்தாது. அது வலிமையையும் ஐயமின்மையையும் குறித்துக் குழப்பும். ‘நிலைத்தல்’ என்னும் வினையில் காலத்தொடர்ச்சி உள்ளார்ந்திருப்பதால் நிலைப்பு என்பதே தகும். நிலைப்பைக் குறிக்கும் எந்த எண்ணும் எவ்வளவு நேரத்துக்கு என்பதையும் உடன்கூற வேண்டும். ஒரு நொடியில் நிலைத்திருப்பது ஒரு நாளில் நிலைத்திருப்பதாகாது.

மீள்பெறுமை: வெவ்வேறு இடங்களில் வெவ்வேறு கைகளால் செய்யப்பட்ட கருவிகள் ஒரே அதிர்வெண்ணை எய்துதல். மீண்டும் பெறப்படும் தன்மை என்னும் பொருளில் இச்சொல் இங்கு முன்மொழியப்படுகிறது. ‘மீளாக்கம்’ என்பது படியெடுத்தலையும் உணர்த்துவதால் விலக்கப்பட்டது.

துல்லியம்: பெறப்பட்ட அதிர்வெண்ணின் எண்மதிப்பு வரையறைப் படித்தரத்தோடு பொருந்துதல். இன்று செம்மை, தெளிவு, நுணுக்கம் யாவற்றையும் குறிக்கும் பொதுச்சொல்லாக இது விரிந்துவிட்டது. ஆயின், இச்சொல்லின் மூலப்பொருள் ஒப்பு, சமம் என்பதாம். ‘துல்ய’ என்னும் வடசொல்லின்வழி வந்த இது, நிறைகோலைக் குறிக்கும் துலையோடு உறவுடையது. ஒன்றைப் படித்தரத்தோடு தட்டில் வைத்து ஒப்பிடுதல் என்னும் பொருளையே அளவையியல் வேண்டுகிறது. ஆகவே இச்சொல்லைப் பொதுவழக்கிலிருந்து மீட்டு அதன் பழம்பொருளில் நிறுத்துதல் புதிய ஆக்கம் தேடுவதினும் சிறந்தது.

இம்மூன்றையும் ஒரு சுருதிப்பெட்டியைக் கொண்டு வேறுபடுத்தலாம். கச்சேரி முடியும்வரை பெட்டியின் சுருதி வழுவாதிருப்பின் அது நிலைப்பு. ஒரே முறையில் செய்த பல பெட்டிகள் ஒப்பிட்டுப் பாராமலே ஒரே சுருதியில் ஒலிப்பின் அது மீள்பெறுமை. அச்சுருதி இத்தனை ஹெர்ட்ஸ் எனக் கூறிய எண் மெய்யாயின் அது துல்லியம். முதலாவது இருந்து மற்ற இரண்டும் இல்லாதிருக்கலாம். முதலிரண்டும் இருந்து மூன்றாவது இல்லாதிருக்கலாம்.

9. முடிவுரை

வளிம லேசரின் அதிர்வெண் நிலைப்பு ஆடிகளின் இடைத்தொலைவைக் காப்பதில் தொடங்கி, அவ்விடைத்தொலைவை ஒரு மூலக்கூறின் கட்டளைக்கு உட்படுத்துவதில் நிறைவுறுகிறது. தாங்கு தண்டின் பொருளும் காற்றிலிருந்து காத்தலும் நிலைப்பைத் தருகின்றன. தூய ஓரிடத்தானும் லாம் பள்ளமும் மீள்பெறுமைக்கு வழி திறக்கின்றன. அயோடின் கலம் அதை முழுமையாக்குகிறது. 1983ஆம் ஆண்டு வரையறை அவ்வதிர்வெண்ணின் துல்லியத்தை நீளத்தின் துல்லியமாக்கியது.

மூன்றையும் ‘துல்லியம்’ என்றே எழுதும் ஒரு தமிழ்ப் பாடம், பற்றவைத்த ஆடிகளை ஏன் கைவிட்டனர் என்பதை விளக்க முடியாது; 1972ஆம் ஆண்டு அளவீட்டின் எல்லை எங்கிருந்தது என்பதையும் விளக்க முடியாது. சொல் பிரியாத இடத்தில் கருத்தும் பிரியாது. கலைச்சொல் அகராதிகளைத் திருத்துவோர் இம்மூன்று சொற்களையும் தனித்தனிப் பதிவுகளாக மட்டும் தராமல், ஒன்றோடொன்று ஒப்பிட்டு எல்லை காட்டும் ஒரே தொகுதியாகத் தருதல் வேண்டும். கடிகாரம், வேதித் தராசு, வெப்பமானி ஆகியவை பற்றிய தமிழ்ப் பாடங்களிலும் இப்பாகுபாட்டைப் பொருத்திப் பார்த்தல் அடுத்த ஆய்வுக்குரிய களமாகும்.